நாலரை அடி என்று எழுதியிருந்த கிளாம்ப்

1. மூன்று விரல்

ஐந்து பலகைகளின் ஓரத்திலும் பசை தடவி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கிற பெரிய கிளாம்பைத் தூக்கிக் குறுக்கே வைத்தபோதுதான் அது எட்டவில்லை என்று தெரிந்தது. மூன்று விரல் குறைந்தது. கிளாம்பைத் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்தால் இரும்பு நீளும் என்று எந்த மேஸ்திரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அன்று நானே கண்டுபிடித்து நானே நம்பினேன்.

இது நடந்தது பொதட்டூர்பேட்டையில், கலா டெய்லரின் வீட்டுக் கூடத்தில். வருடக்கணக்காக ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் யூனிபார்ம் ஆர்டர் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. மறுநாள் மதியம் துணி வந்து இறங்கும். அதை அடுக்கி விரித்து வெட்ட எட்டடி நீளம், நாலடி அகலத்தில் மேஜை வேண்டும். மேஜை இல்லையென்றால் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். இடித்த வீடொன்றில் அவரே அலைந்து பொறுக்கிய தேக்குப் பலகைகள் ஐந்துதான், ஆறாவது கிடையாது. முழு மேஜை அந்த வீட்டு வாசலில் நுழையாது. அதனால் திருத்தணியில் என் பட்டறையிலேயே பலகைகளை இழைத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, கூடத்திலேயே ஒட்டுவதாக ஏற்பாடு.

கோடை வெயில். பசை பத்து நிமிடத்தில் இறுக ஆரம்பிக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடுக்கு விட்டு இறுகிப்போனால் துணி அதில் மாட்டும், கத்தரி வழி தவறும். நான் அடுத்த கிளாம்பை எடுத்தேன். அதுவும் மூன்று விரல் குறைந்தது. ஒரே மாதிரி நாலு கிளாம்ப் வாங்கியவன், நாலாவது மட்டும் இரக்கப்படும் என்று நினைத்து அதையும் வைத்துப் பார்த்தேன்.

2. ஜீப் ஸ்டார்டிங் ஹேண்டில்

அந்தக் கிளாம்புகள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அரக்கோணத்தில் முனிரத்தினம் என்றொருவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். மூடிப்போன பட்டறைகளின் சாமான்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய தாளை ஒட்டித் தொங்கவிடுவார். பேர் அவருக்குத் தோன்றியபடி இருக்கும். கையால் சுற்றித் துளை போடும் பழைய துரப்பணத்தில் 'ஜீப் ஸ்டார்டிங் ஹேண்டில்' என்று எழுதியிருந்தது. வளைந்த மரத்தைச் சீவும் இருகைப்பிடிச் சீவுளியில் 'சின்ன சைக்கிள் ஹேண்டில்'. இரண்டையும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன்.

"ஜீப் இருக்குதா அண்ணா?" என்று கேட்டார்.

"வாங்கலாம்னு இருக்கேன். மொதல்ல ஹேண்டில் வாங்கி வச்சிடலாம்னு."

"ஆங், அதுவும் சரிதான்."

உள்ளே சிரித்துக்கொண்டே திரும்பியபோது அந்த நாலு கிளாம்பையும் பார்த்தேன். நீளமான தண்டவாளம் போன்ற உடம்பு, ஒரு முனையில் திருகு. லேபிள்: 'மர கிளாம்ப், நாலரை அடி'. கலாவின் நாலடி மேஜைக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. டேப் என் இடுப்பிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

இதைத்தான் இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் கடையில் எந்த லேபிளும் சரியில்லை என்று தெரிந்து, அதனாலேயே லாபம் பார்த்துக்கொண்டு நின்ற அதே நான், எனக்குத் தேவையான லேபிளைப் பார்த்ததும் சத்தியவாக்கு என்று நம்பிவிட்டேன்.

கிளம்பும்போது முனிரத்தினம் ஒரு சாக்குப்பையை நீட்டினார். உள்ளே உள்ளங்கை அளவில், ஆங்கில 'ஜி' எழுத்துபோல் வளைந்த எட்டு ஜி கிளாம்ப். லேபிள்: 'வெல்டிங் சாமான்'.

"இதையும் எடுத்துகினு போ அண்ணா. சும்மா கெடக்குது."

"இத்த வச்சிகினு கொலுப்பெட்டிதான் ஒட்டணும்" என்றேன். ஆனாலும் வண்டியில் போட்டுக்கொண்டேன். இலவசத்தை மறுத்து எனக்குப் பழக்கமில்லை.

3. பாவு கட்டுகிற கயிறு

கூடத்துக்கு வருவோம். வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் கலாவின் வீட்டுக்காரர் தணிகாசலம். தறிக்காரர். லுங்கி நெய்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

"இன்னா மேஸ்திரி, ரொம்ப நேரமா தூக்கித் தூக்கி வைக்கிற?"

"ஒண்ணுமில்ல அண்ணா. கிளாம்ப்புக்கு மேஜைய அறிமுகப்படுத்திகினு இருக்கேன்."

"எட்டலையா?"

"எட்டும். கொஞ்சம் யோசிச்சுகினு இருக்கேன்."

கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீ யோசிக்கிற வரைக்கும் பசை காத்துகினு இருக்குமா மேஸ்திரி?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையில் இருந்த கரண்டியைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சம் புத்தியும் போய்விட்டது. பலகைகளை இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலைவரை இப்படியே நின்றால் போதுமே என்று கணக்குப் போட்டேன்.

தணிகாசலம் டீயை வைத்துவிட்டு உள்ளே போனார். தெருவில் பாவு நூலை, அதாவது தறியின் நீளவாட்டு நூலை, நீட்டிக் கட்டுகிற கயிற்றுச் சுருளோடும் நாலைந்து குச்சிகளோடும் வந்தார். பலகைகளைச் சுற்றிக் கயிறு போட்டு முடிந்து, இடையில் குச்சியைச் செருகி முறுக்கினார். முறுக்க முறுக்க இடுக்குகள் மூடிக்கொண்டு பசை வரிவரியாகப் பிதுங்கியது.

"பாவு தொய்ஞ்சா இப்படித்தான் இழுப்போம். நூலே தாங்குது, பலகை தாங்காதா?"

நாலு இடத்தில் கட்டினோம். அழுத்தம் ஏற ஏற நடுப்பலகை மேலே கிளம்பியது. அப்போதுதான் கிளாம்புகளோடு கொண்டுவந்திருந்த சாக்குப்பை ஞாபகம் வந்தது. இரண்டு முனைகளிலும் மேலொன்று கீழொன்றாகக் கட்டைகளைப் பலகைகளுக்குக் குறுக்கே வைத்து, கொலுப்பெட்டி கிளாம்புகளால் இறுக்கினேன். முனைகள் படிந்தன. நடு மட்டும் அடங்கவில்லை. அங்கே உள்ளே எட்டிப் பிடிக்கும் நீளம் எந்தக் கிளாம்புக்கும் இல்லை. பாரம் வேண்டும்.

"நீயே ஏறிப் படு" என்றார் கலா. "அதுக்காவது ஒத்துவருவ."

படுத்தேன். ஒரு மணி நேரம். கலா கரண்டியை நேராகப் பிடித்துவிட்டதைப் படுத்தபடியே பார்த்தேன். பிறகு எனக்குப் பதிலாக அரிசி மூட்டையை வைத்தார்கள். அது என்னைவிட அமைதியாக இருந்தது.

மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்தோம். இடுக்கு எதுவும் இல்லை. பிதுங்கிய பசையைச் சீவி, மேலே ஓர் இழைப்பு இழைத்துவிட்டு மேஜைக் கால்களில் பொருத்தினேன். மதியம் துணி வந்து அதன்மேல் இறங்கியது.

4. யாருடைய நீளம்

அடுத்த வாரம் நாலு கிளாம்பையும் முனிரத்தினத்தின் முன்னால் போட்டேன். "நாலரை அடின்னு எழுதியிருக்கியே, ஞாயமா?"

அவர் டேப்பை எடுத்து முனையிலிருந்து முனைவரை வைத்தார். சரியாக நாலரை அடி.

"இது மொத்த நீளம்பா. திருகும் பிடியும் போக, வாய் எவ்ளோ தொறக்குது?" என்றேன்.

"நான் இரும்பு விக்கறவன் அண்ணா. இரும்பு எவ்ளோ நீளமோ அதான் எழுதுவேன். வாயி எவ்ளோ தொறக்கும்னு வாங்கறவந்தான் பாக்கணும்." டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "ஜீப் வாங்கிட்டியா?"

அந்த மனிதருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கிளாம்பின் உடம்பை அளக்காதீர்கள், முழுசாகத் திறந்துவைத்து வாயை அளங்கள். திருகைக் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். பெரிதாக நாலு வாங்குமுன் சிறிதாக எட்டு வாங்குங்கள். பசை தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே கட்டிப் பாருங்கள். லேபிள் உங்களுக்குப் பிடித்தமாதிரி இருந்தால் இரண்டுமுறை அளங்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கலாவின் வீட்டில் நுழைந்தேன். இப்போது மூன்று மெஷின் ஓடுகிறது. மேஜையின் ஓரத்தில் கயிறு அழுந்திய பள்ளங்கள் நாலும் அப்படியே இருந்தன. வெட்கமாக இருந்தது. இழைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"கையி வச்சிடாத மேஸ்திரி," என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பள்ளத்துலேர்ந்து அந்தப் பள்ளம் வரைக்கும் ஒரு பாவாடை நீளம். டேப்பே எடுக்கறதில்ல நான்."

அவர் உள்ளே போனதும் டேப்பை எடுத்து, இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலும் வெட்டி வைத்திருந்த பாவாடைத் துணியிலும் அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.