மூன்று டின்களும் ஒரு சொற்பொழிவும்

பயணத்துக்குப் பை அடுக்குவதும் மேடைக்குப் பேச்சு அமைப்பதும் ஒரே கலை என்று அந்நாளில் நான் உறுதியாக நம்பினேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று தரம் பிரிக்கத் தெரிந்தவனே இரண்டிலும் வெல்வான். கல்லூரி விவாத அரங்குகளில் நான்கு ஆண்டுகள் தோல்வி அறியாதவனாக இருந்தேன். ஆகவே, அந்த ஆற்றல் எனக்கு உண்டா என்ற ஐயமே எழவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாகிய மறு ஆண்டின் மழைக்காலம் அது. தலைநகரில், கிழக்கேகோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் நகர அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தோட்டம் போனக்காட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் இருந்தது, சிறியது. முந்தைய பருவத்தில் அதன் தேயிலையில் புகை வாடை அடிக்கிறதென்று கொச்சி வியாபாரி ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். இலையைப் பக்குவப்படுத்தும் பொறுப்பு டீ மேக்கருடையது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உலர்த்தும் அடுப்பின் குழாய்களைத் தம் கையாலேயே கழற்றிச் சீராக்கி, புதிய தேயிலை தயாரித்திருந்தார். இதையும் கொச்சிக்காரர் வேண்டாமென்றால், மூணாற்றிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதாக முதலாளி அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

அந்தப் புதிய தேயிலையின் மாதிரியோடு கொச்சிக்குப் போக முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார்.

“ஒரே ஒரு பை, கேட்டியா? அத மடியிலயே வச்சுக்கிடணும். பஸ்ஸுக்கு மேல போட்டா மழையில ஊறிப்போவும், பெறவு சாம்பிளும் இல்ல, வியாபாரமும் இல்ல” என்றார்.

டீ மேக்கர் மலையிலிருந்து இறங்கிவந்து மூன்று டின்களை என் மேசைமேல் வைத்தார். மூன்று வெவ்வேறு நாள்களில் தயாரித்த தேயிலை. மூடிகளின் விளிம்பில் மெழுகு பூசியிருந்தார்.

“தம்பி, வழியில எங்கயும் இதத் தொறந்துராதீங்க. கொச்சியில ருசி பாக்குறவரு கையாலதான் தொறக்கணும்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் சொல்லாத கூற்றுக்கு மதிப்பில்லை என்பது என் பயிற்சி. காரணத்தைக் கேட்டறிய வேண்டியது எதிரே நிற்பவனின் கடமை என்பதும் அதே பயிற்சிதான்; அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் பயணம். மாலையில் வீட்டில் பையை அடுக்க உட்கார்ந்தேன். இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, சரிகைக்கரை போட்ட ஒரு மேல்துண்டு. அடுத்து, கொச்சி அலுவலகத்தாரின் முன் நான் ஆற்றவிருந்த உரை: பதினான்கு பக்கம். மலையின் காற்று, பனி, இலை பறிக்கும் கைகளின் உழைப்பு என்று மூன்று பகுதிகளாக அதை அமைத்திருந்தேன். கடைசியாக, எந்த மேடைக்கும் நான் மறக்காமல் எடுத்துச் செல்லும் தொண்டை மருந்துப் பொட்டலம்: சித்தரத்தை, வால்மிளகு, கொஞ்சம் பச்சைக் கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலத்தில் தோய்த்த ஒரு கைக்குட்டை.

என் தங்கை எட்டிப் பார்த்தாள். மகளிர் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தவள். நாக்கில் மிளகாய் தடவிக்கொண்டு பிறந்தவள்.

“அண்ணே, நீ தேயிலை விக்கப் போறியா, எலெக்‌ஷனுக்கு நிக்கப் போறியா?”

“பேசி வெல்லாத வியாபாரம் உண்டா?”

“அது செரி. அந்த டின்னு மூணும் எங்க போவும், உன் தலையிலயா?”

அவள் சொன்னது உண்மை. டின்கள் உள்ளே போனால் பை மூடவில்லை. துண்டை எடுத்துப் பார்த்தேன், மூடவில்லை. உரையை எடுத்தால் மூடியிருக்கும். அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தேயிலை கொஞ்சந்தான், இடத்தை அடைப்பது தகரம் என்று ஆராய்ந்து முடிவுக்கு வந்தேன். மெழுகைச் சுரண்டி, மூடிகளை நெம்பி, தேயிலையைத் தனித்தனிக் காகிதப் பொட்டலங்களாக்கி, நூல் சுற்றி, ஒவ்வொன்றின்மேலும் அழகிய எழுத்தில் நாளைக் குறித்தேன். பை வழுக்கிக்கொண்டு மூடியது. அதைத் தூக்கிப் பார்த்து, எவ்வளவு இலேசு என்று தங்கையிடம் பெருமையோடு காட்டியதும் நினைவிருக்கிறது.

எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் அந்தப் பையை நாள் முழுவதும் மடியில் அணைத்தபடி போனேன். கூரை ஓட்டை வழியே ஒழுகிய மழை என் தோளை நனைத்தது. பையில் ஒரு துளி படவில்லை. மறுநாள் காலை வியாபாரியின் அலுவலகத்துக்குச் சென்றேன்.

அங்கே தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்பவர் பாலக்காட்டுத் தமிழர். கண்ணாடி அணிந்த, சுருக்கமாகப் பேசும் மனிதர். நான் உரையைக் கையில் எடுப்பதற்குள் பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். மூன்று வெள்ளைக் கோப்பைகளில் தேயிலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடிவைத்து, காத்திருந்து வடித்தார். ஒரு கரண்டி எடுத்து ஓசையோடு உறிஞ்சி, நாக்கில் புரட்டி, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் துப்பினார். இரண்டாவது. மூன்றாவது. கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க எஸ்டேட்ல யாருக்காவது ஜலதோஷமா?”

எனக்கு விளங்கவில்லை.

“கஷாயம்னு சொல்லிக் குடுத்தா வாங்கிக்கறேன் ஸார். டீன்னு சொல்லாதேங்கோ. மூணு நாள் பண்ணின சரக்கு, மூணுலயும் ஒரே வாடை. போன தடவை புகை, இந்தத் தடவை கற்பூரம். ஃபாக்டரிலதான் கோளாறு. டீ மேக்கரை மாத்தச் சொல்லி உங்க முதலாளிக்கு எழுதிடறேன்.”

விவாதத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாகாது. மறுக்கலாம், திசை திருப்பலாம், எதிராளியின் அளவுகோலையே ஐயுறலாம். இவை அனைத்துக்கும் உரிய வாக்கியங்கள் அந்தக் கணமே என்னுள் அணிவகுத்து நின்றன. “பெருமதிப்புக்குரிய ஐயா” என்று தொடங்கவும் செய்தேன். அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். மலையில் ஒருவர், தாம் செய்யாத பிழைக்காக, பிள்ளைகளோடு வீட்டைக் காலி செய்திருப்பார்.

நான் பையை மேசைமேல் வைத்துத் திறந்தேன். சட்டைகளை எடுத்தேன். கைக்குட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் குனிந்து பைக்குள் முகர்ந்தார், தும்மினார்.

“ஓ, குற்றவாளி இங்கேயா இருக்கார்! சரக்கு டின்ல வரலையா?”

“டின்னில்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். பைக்குள் அடங்கவில்லை, அதனால் நான்தான் மாற்றினேன்.”

“தேயிலை பக்கத்துல என்ன இருந்தாலும் இழுத்துக்கும் ஸார். பச்சைக் குழந்தைக்கே தெரியுமே இது. சரி, டின்னை விட்டுட்டு வேற என்னத்தைத்தான் கொண்டுவந்தேள்? இந்தக் காகிதக் கட்டு என்ன?”

“உரை.”

“யாருக்கு?”

“தங்களுக்கு.”

அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நாக்கால பிழைக்கறவனுக்குக் காதுல என்ன ஸார் வேலை?” என்று மட்டும் கேட்டார்.

தோட்டத்தின்மேல் பிழையில்லை என்று எழுதித் தரும்படி வேண்டினேன். எழுதுவதாகவும், ஆனால் காரணத்தையும் சேர்த்தே எழுதப்போவதாகவும் அவர் சொன்னார். சம்மதித்தேன்.

திரும்பிவந்த மறுநாள் டீ மேக்கரும் மலையிலிருந்து வந்திருந்தார். முதலாளி நான் கொண்டுவந்த கடிதத்தைப் பிரிக்காமலேயே என் கையில் திருப்பிக் கொடுத்தார். “இங்கிலீஷ்ல இருக்கும். இவருக்கும் வெளங்கட்டும், நீயே தமிழ்ல வாசி” என்றார்.

நின்றபடி வாசித்தேன். குறை தோட்டத்தில் இல்லை. தேயிலையைக் கொண்டுவந்தவர் டின்னை உடைத்து, தம் தொண்டை மருந்தோடு சேர்த்து அடுக்கிவிட்டார். பழுதில்லாத மாதிரியை மீண்டும் அனுப்பினால் பார்ப்போம். ஐந்தே வரிகள். எந்த மேடையிலும் என் குரல் அப்படித் தடுமாறியதில்லை.

முதலாளி என்னை ஏச வாயெடுத்து, ஏதோ நினைத்து டீ மேக்கர் பக்கம் திரும்பினார். “அந்த மூணாறு ஆளுக்கு இப்ப எழுதாண்டாம். அடுத்த சாம்பிள நீரே கொண்டுபோம்வே.”

டீ மேக்கர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொறக்காதீங்கன்னு சொன்னம்லா, தம்பி?”

“சொன்னீங்க.”

அடுத்த வாரம் அவர் மாற்றுச் சட்டைகூட எடுக்காமல், மூன்று டின்களை மட்டும் ஒரு துணிப்பையில் வைத்து மடியில் ஏந்திப் போனார். தேயிலையை வாங்கிக்கொண்டார்கள். அவர் வேலையிலேயே இருந்தார். மாதந்தோறும் அலுவலகத்துக்கு வந்தார். என் மேசையைக் கடந்து முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு, அதே வழியில் திரும்பிப் போவார். அந்த மழைக்காலம் முடியும்வரை என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேச முயலவில்லை.