அங்கிள் தனியாக வைத்திருந்த சிடி

அங்கிள் ஸ்டூடியோவுக்கு வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே பிஸ்கட் கிடையாது, சிடிகள். திருவொற்றியூரில் எங்கள் சின்னச் சமூக வானொலியில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் இங்கிலீஷ் கன்ட்ரி பாட்டுகளும் மெல்லிசையும் போடுவோம். ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கான நிகழ்ச்சி அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அங்கிள்தான் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பார். நான் பொத்தானை அமுக்குகிறவள். அந்தப் பாட்டுகளில் ஒரு வரியும் எனக்குப் புரியாது, புரிந்துகொள்ள மெனக்கெட்டதும் இல்லை.

ஒரு பாட்டை எடுப்பதற்குள் அவர் படுத்தும் பாடு இருக்கிறதே! பாதி கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், அடுத்ததை எடுப்பார். "மாதா கோயில் பூசைக்குப் போய்ட்டு வந்து, வூட்ல கறி வெந்துகினு கீற நேரம்மா இது. அயுவுற பாட்டெல்லாம் வேணாம்" என்பார். உண்மையில் அவர் தேர்ந்தெடுத்தது ஒரே ஒருத்திக்காக. பார்வை போய், ராயபுரம் வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே கட்டிலில் கிடந்த அவர் மனைவிக்காக. எனக்கு அவர் ஆன்ட்டி. "நான் சொன்னா நம்ப மாட்டா, ரேடியோ சொன்னா நம்புவா" என்று அங்கிள் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அங்கிளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொண்டையில் குழாய். பேச முடியாது. டப்பா என்னிடம் இருந்தது. அடியில் ஒரு சிடியை மட்டும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். இவ்வளவு பத்திரப்படுத்தியிருக்கிறாரே, உசத்தியான பாட்டாகத்தான் இருக்கும் என்று அதையே முதலில் போட்டேன். நல்ல மெட்டு. தலையைக்கூட ஆட்டினேன், பாவி.

பாட்டு முடிந்த கையோடு போன் வந்தது. ஒரு அம்மா அழுதுகொண்டே, "அங்கிள எப்பம்மா எடுக்குறீங்கோ?" என்று கேட்டார். சவப்பெட்டி வாசல் தாண்டும்போது மட்டும் அவர்கள் போடுகிற பாட்டாம் அது. சாவு வீடுகளுக்கு இரவல் கொடுக்கத்தான் அங்கிள் அதைத் தனியாக வைத்திருந்தார்.

அங்கிள் உயிரோடு இருக்கிறார் என்று உடனே மைக்கில் மூன்று முறை சொன்னேன். ஆன்ட்டி காதில் விழவில்லை. சாவு விழுந்தால் நாற்பது நாள் ரேடியோ பாடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பாட்டு முடிந்ததுமே தடவித் தடவி ரேடியோவை அணைத்துவிட்டார். ஓடிப்போய்க் காலைப் பிடித்துச் சொன்னேன்.

"அப்போ அவர பேசச் சொல்லு" என்றார்.

குழாய் போட்ட மனுஷன் எப்படிப் பேசுவார்? "அல்லாரும் சேந்து ஏமாத்துறீங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்க்கரை உடம்பு. சாப்பாட்டையும் மாத்திரையையும் தொடவே இல்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

அங்கிள் பிழைத்து வந்தார். நான் போட்ட பாட்டைப் பற்றித் தெருவில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரக்கம் அவர் மேலா, என் மேலா, தெரியாது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கடசியா அவ இன்னா பாட்டும்மா கேட்டா?"

வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன். கல்யாண வீட்டில் ஜோடி ஜோடியாக ஆடுகிற துள்ளல் பாட்டு. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். நான் சொன்ன அந்த ஒரு பாட்டை மட்டும் போடச் சொல்லிக் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறார். மற்ற பாட்டுகளைப் பற்றிக் கேட்டால் கையை ஆட்டுகிறார். "மிச்சத்த நீயே பாத்துப் போடும்மா. உனுக்குத் தெரியாதா?"