சலீம் நானா விற்க மறுத்த இன்ஜெக்டர்

போன வெள்ளிக்கிழமை காலை ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்தது. “வாப்பா மவுத்தாகிட்டாங்க, பாஸ்” என்று தகப்பன் இறந்த செய்தியைச் சொன்னார் சலீம் நானாவின் மகன். எழுந்த வேகத்தில் தலை சைலன்சரில் மோதியது. சைலன்சர்தான் நெளிந்தது.

லிந்துலையில் மோட்டார் பார்ட்ஸ் கடை வைத்திருந்த நானாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் பாஸ் என்று என்னையும் தெரியும். லிந்துலையில் எஞ்சின் தும்மினால் தலவாக்கலையில் இருந்தபடியே நோயைச் சொல்பவன் நான். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு என்னிடம் தோற்றுப்போனது. என்னைத் தோற்கடித்த எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். அதுவும் என் சொந்த வேன்.

அது நடந்தது ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு மாரியாயி அக்காவை இரத்தம் சுத்திகரிக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பத்து மணிக்கு மெஷின். பிந்தினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கோ கால் வீங்கி, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து ரோட்டில் இறங்கும்போதே எஞ்சின் மிஸ் அடித்தது. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டரும் பொறி கொடுக்கும் கொயிலும் போய்விட்டன என்று முடிவு கட்டினேன்.

“என்ன தம்பி, வண்டி காவடி ஆடுது? பூஜை போட்டு சாமி ஏறிருச்சா?” என்றார் அக்கா. மூச்சு வாங்கினாலும் அவருக்கு வாய் குறையாது.

லிந்துலை வரை இழுத்து வந்து நானாவின் கடையில் நிறுத்தினேன்.

“ஒரு இன்ஜெக்டர், ஒரு கொயில் குடுங்க நானா. காதாலயே கண்டுபிடிச்சிட்டேன்.”

“இல்ல, பாஸ்.”

“பின்னாலயே பெட்டி இருக்கே!”

“ஈக்குது. தர மாட்டேன். நேத்து வண்டிக்கு என்ன செஞ்சீங்க?”

“ஒன்னுமே செய்யலங்க.”

நானா வேனைப் பார்த்தார். முன்பக்கம் முழுக்கச் சந்தனம், குங்குமம், அதன்மேல் ஆள் உயர மாலை. டோர்ச்சுடன் இறங்கி வந்தார். கொயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளக் இருக்கும் குழிகளுக்குள் வெளிச்சம் அடித்தார். மூன்றாவது குழியில் தண்ணீர் நின்றது; அதில்தான் பொறி செத்திருந்தது. பூஜைக்குப் பளபளக்கட்டும் என்று எஞ்சின்மேல் குழாயைப் பிடித்துக் கழுவியவன் நான்தான்.

பக்கத்து டயர் கடையின் காற்றுக் குழாயால் தண்ணீரை ஊதி எடுத்து, கொயிலைத் துடைத்து மாட்டினார். எஞ்சின் சீராக ஓடியது.

“என்ன கோளாறுங்க?” என்றார் அக்கா.

“கொஞ்சம் ஈரம். பாஸ் நேரத்தோட நிப்பாட்டிட்டார்.”

பிறகு நானா என் காதருகே குனிந்தார். “லேசான பிழைய மொதல்ல பாருங்க. அதிலயும் நம்மட கை பட்ட எடத்த மொதல்ல.”

நானுஓயாவில் என் வேகத்தைப் பார்த்து ரயிலே ஒதுங்கி நின்றது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை நானே கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொன்னேன். ஒருநாள் நானாவின் கடையிலேயே, அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, “ஓ, பாஸுக்குக் காது அப்பிடி” என்றார். அவ்வளவுதான்.

இப்போது அவரை அறிந்த உங்கள் முன்னால் சொல்கிறேன். கண்டுபிடித்தவர் சலீம் நானா. தண்ணீர் ஊற்றியவன் நான். என் மற்றக் கதைகளில் உப்பும் உறைப்பும் கூடுதலாக இருக்கலாம். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

“நேத்து என்ன செஞ்சீங்க” என்ற அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். இனி மிஸ் அடிக்கும் வண்டி எது வந்தாலும் அதை முதலில் என்னிடமே கேட்பேன். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றாலும் பதிலை உரக்கச் சொல்வேன்.