கரும்பு உருளையில் வந்த துரு

கிழக்கேகோட்டையில் பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கரும்பு ஜூஸ் வண்டி. மிஷினில் மூன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளைகள். கரும்பைக் கடித்து இழுக்க அவற்றில் வரி வரியாகப் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. கரும்பு வழுக்கியது. பாதிச் சாறு சக்கையோடு போனது. துருப்பிடிக்காத ஸ்டீல் இத்தனை மெத்தென்று இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கரமனையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் பல்லைப் புதிதாக வெட்டித் தந்தார். ஆட்டோ கியர்களை அமோனியா வாயு விட்டுச் சூடாக்கும் உலை அவரிடம் உண்டு. அதிலேயே உருளைகளையும் வைத்தால் மேல்பாகம் கல் மாதிரி ஆகும் என்றார்.

"துரு வராதே?" என்று கேட்டேன். வாசல் வரை போய், திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன்.

"எந்தா அண்ணாச்சி, இங்ஙனெ பயந்தா எப்படி? ஸ்டீல் அல்லே, ஸ்டீல்! தைரியமா போங்க."

உருளைகள் சாம்பல் நிறத்தில் வந்தன. அரத்தால் உரசினால் அரம் வழுக்கியது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் போயிருக்காது, காலையில் தார்ப்பாயை விலக்கினேன். பல் இடுக்கெல்லாம் செம்பழுப்பு. தேய்த்துக் கழுவினேன். கரும்போடு எலுமிச்சையும் இஞ்சியும் வைத்துப் பிழிந்தேன், மறுநாள் திரும்பவும் வந்தது.

பக்கத்துக் கட்டடத்து செக்யூரிட்டிக்காரர் தினமும் என்னிடம் குடிப்பவர். கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஜூஸில இரும்புச் சத்தும் சேர்த்தோ? அதுக்குத் தனி சார்ஜ் உண்டோ?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தன் பிள்ளையின் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்தாள். அன்றைக்கே வண்டியை மூடினேன்.

விசாரித்து விசாரித்து, கோயம்புத்தூரில் ஸ்டீலுக்கென்றே இந்த வேலை செய்யும் ஒருவரைப் போனில் பிடித்தேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன்.

"ஸ்டீலைத் துரு அண்டாம காக்குறது அதுல இருக்குற குரோமியம்ங்க. சூடு ஜாஸ்தியானா அது போய் வாயுவோட ஒட்டிக்கும். அப்புறம் காவலுக்கு யாரு? சூட்டைக் கம்மியா வச்சு, ரொம்ப நேரம் பொறுமையா விடணும். அப்பத்தான் கெட்டியாவும் ஆகும், துருவும் வராது."

கெட்டுப்போன மேல்பாகத்தைச் சீவி எடுத்து, திரும்பவும் பல் வெட்டி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உருளை இல்லாத வண்டியின் பக்கத்தில், மழையில், தினமும் எதற்கோ போய் நின்றேன். வந்து சேர்ந்தபோது உருளைகள் பளபளவென்றிருந்தன. ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஒரு புள்ளிகூட இல்லை.

ஆனால் என் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னால் வெள்ளைத் துணியால் உருளையைத் துடைத்து, வந்தவரிடம் நீட்டிக் காட்டினேன். "பாருங்க, துரு இல்ல." புதிதாக வந்தவர்கள் துணியைப் பார்த்தார்கள், மிஷினைப் பார்த்தார்கள், பஸ் வந்துவிட்டது என்றார்கள். பஸ் வந்திருக்காது. செக்யூரிட்டிக்காரர் இப்போது எதிர்ப்பக்கம் இளநீர் குடிக்கிறார்.

ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"நீங்க இப்பிடித் தொடச்சுத் தொடச்சுக் காட்டினா, என்னமோ இருக்குன்னுதான ஆளு நெனைக்கும்? துரு போயிட்டு. நீங்கதான் அதப் பிடிச்சு வச்சிருக்கிய."

துணியைப் பிடுங்கித் தூக்குப் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஒரு மாணவன் வந்து ஒரு ஜூஸ் கேட்டான். கரும்பை எடுத்தேன். பேசாமல் பிழிந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். உருளைக்குள் எட்டிப் பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன். என் சட்டை நுனி எப்போது கைக்கு வந்ததென்று தெரியவில்லை, துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சேட்டா, எனக்கு ஜூஸ் வேண்டாம் கேட்டோ," என்று அவன் நகர்ந்தான்.