ஈஸ்டர் முட்டைக்கு அடையாளம்

என் தங்கையைக் கட்டியவர் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் வேலை பார்க்கிறார். மாப்பிள்ளை என்றுதான் நான் கூப்பிடுவேன். பதினோரு வருடமாக, ஊர் மறந்துவிட்டுப் போவதையெல்லாம் எடுத்து வைத்துக் காப்பாற்றுவதுதான் அவருக்குப் பிழைப்பு. குடை, டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு முழுப் பல்செட். அதன் சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து கேட்டபோதும் "அடையாளம் சொல்லுங்க" என்று விடாமல் நின்றாராம். மனிதர் கையை எடுத்து வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். அதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்! பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்: "அடுத்த தடவ பத்திரமா வச்சுக்கோங்க."

இத்தனைக்கும் வீட்டில் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடவே மாப்பிள்ளைக்குத் தினமும் அரை மணி நேரம் வேண்டும். நான் கேலி செய்யாத நாள் கிடையாது.

அவருடைய மகளுக்கு ஐந்து வயது. கடுகு என்று கூப்பிடுவோம். பள்ளி விடுமுறை வந்தால் அப்பாவோடு போய், அந்த அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் நாங்கள் குடும்பத்தோடு தங்கை வீட்டுக்குப் போய்விடுவோம். வேகவைத்துச் சாயம் பூசிய முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்துவைப்பது மாப்பிள்ளை வேலை, தேடி எடுப்பது பிள்ளைகள் வேலை. போன வருடம் என் இரட்டைப் பையன்கள் புயல் மாதிரி புகுந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டார்கள். கடுகு வெறுங்கூடையோடு வந்து நின்றாள். அவள் அழவில்லை. மாப்பிள்ளைதான் சமையலறைக்குள் போய் அழுதார். கேட்டால் வெங்காயம் என்றார். அன்று யாரும் வெங்காயத்தைத் தொடவே இல்லை.

அதோடு விட்டாரா? பிள்ளைக்குப் பார்வைக் கோளாறோ என்று கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கடைசி வரிசையில் இருந்த பொடிப் படங்களைக்கூட அவள் கடகடவென்று சொல்லிவிட்டாளாம். டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டார்.

இந்த வருடம் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், உங்க பசங்கள ஒரு பத்து நிமிஷம் புடிச்சு வைங்க. அவ முதல்ல போகட்டும். இந்தத் தடவையும் கூடை காலியா வந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது."

குரல் சரியில்லை. வாய் வரை வந்த கேலியை விழுங்கிவிட்டு, பையன்களை சோபாவில் உட்காரவைத்துக் காவல் நின்றேன்.

ஒளித்துவைத்தார் என்று சொல்வதே அநியாயம். கடுகின் சிவப்பு பூட்ஸுக்குள் ஒன்று, ஊஞ்சல் பலகைமேல் ஒன்று, அவள் தினமும் தண்ணீர் ஊற்றும் பூந்தொட்டியில் மூன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு போனாலும் காலில் தட்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கடுகு பூட்ஸுக்குள் குனிந்து பார்த்தாள். மாப்பிள்ளை என் தோளை இறுக்கினார். அவளோ பூட்ஸைச் சுவரோரமாக நகர்த்திவைத்துவிட்டு நடந்தாள். ஊஞ்சலில் இருந்த முட்டை உருளப் பார்த்தது. அதற்கு இரண்டு பக்கமும் கல் வைத்து முட்டுக்கொடுத்தாள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெறுங்கூடையோடு உள்ளே வந்தாள்.

மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவள் முன்னால் மண்டியிட்டார்.

"ஒரு முட்டைகூடவா கண்ணுல படல?"

"பட்டுச்சே. பதினெட்டு இருக்கு."

"அப்புறம் ஏன்டா எடுக்கல?"

"நம்மளோடது இல்லாதத எடுக்கக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன? நான் கலர்தான் அடிச்சேன். தொலைச்சவங்க தேடி வருவாங்க. உடையாம ஓரமா வச்சிட்டு வந்திருக்கேன். போன வருஷமும் அப்படித்தான் வச்சேன். அண்ணனுங்க எடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டு என் பையன்களை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு திருடர்களைப் பெற்ற தகப்பனாக நான் தலைகுனிந்தேன். என் தங்கை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்தார். வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"மேடம், என்னோட முட்டைங்க தொலைஞ்சு போச்சு. இங்க இருக்கான்னு பாக்க வந்தேன்."

கடுகு ஓடிப்போய், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நாற்காலியில் ஏறி நின்றாள்.

"அடையாளம் சொல்லுங்க."

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். சாயம் பூசியது தாயும் மகளும். இவரோ கண்ணாடி கிடைக்காத அவசரத்தில், கையில் வந்த முட்டையை நிறம்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டு வந்தவர்.

"கலர் கலரா இருக்கும்."

"எல்லாரோடதும் கலர் கலராதான் இருக்கும். வேற?"

பல்செட்காரரின் சாபம் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். மாப்பிள்ளை மேசைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"ஒண்ணுல ஒரு மூஞ்சி வரைஞ்சிருக்கும். பெரிய கண்ணாடி போட்டிருக்கும், ஆனா மூக்கு இருக்காது. என் பொண்ணு என்னைத்தான் வரைஞ்சிருக்கா. நேத்து காட்டினா."

"சரியா இருக்கு" என்றாள் கடுகு. இறங்கி ஓடினாள்.

திரும்பி வந்தபோது கூடையின் கனம் அவளை ஒரு பக்கமாக இழுத்தது. பதினெட்டும் இருந்தது. மாப்பிள்ளை அழுதேவிட்டார், இந்தத் தடவை வெங்காயத்தை இழுக்கவில்லை. கடுகு ஒரு தாளையும் நீலக் கிரேயானையும் அவர் முன்னால் தள்ளினாள். அவர் கையெழுத்துப் போட்டார். அதை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, கூடையை அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தடவ பத்திரமா வச்சுக்கோங்க."