தங்கச்சியின் கணக்குப் பெட்டி

தங்கச்சி நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சாமி கும்பிட்டுச் சாப்பிட வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரையும் கொடுக்கிறோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

"அம்மாயி, பொறந்த ஊர்ல இருந்து வரிசையாச் சொல்லுங்க" என்கிறாள்.

தங்கச்சி எருமப்பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் காட்டு வீட்டில் பிறந்தார். என்னைவிட ஏழு வயது சின்னவர். 'அவர்' என்று போடச் சொன்னது பேத்திதான். அதுவும் சரிதான். வீட்டில் 'அம்முணி' என்று கூப்பிட்டாலும், பள்ளிக்கூடத்தில் நானே 'வாங்க டீச்சர்' என்றுதானே நின்றேன்! அப்பா ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றார். நான் ஆடு மேய்த்தேன், அவர் படித்தார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆடு மேய்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒரு கிடாய் இருந்தது, என் சேலையைத் தவிர வேறெதையும் தின்னாது. அதை விடுங்கள்.

வேலை கிடைத்து, ராசிபுரம் பக்கம் கல்யாணமாகி, கடைசியில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கே தலைமையாசிரியராக வந்தார். நான் அங்கே சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடம் போனது அடுப்பு மூட்டத்தான்.

ஒரு நாள் அரசாங்கத்திலிருந்து பெரிய பெட்டி வந்தது. உள்ளே எல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சாமான்கள். மணி கோத்த சட்டம், முள்ளைத் திருப்பும் அட்டைக் கடிகாரம், சின்னச் சின்ன மரக்கட்டைகள், பத்துக் கட்டை நீளத்துக்குக் கோடு போட்டு வண்ணம் அடித்த குச்சிகள். அந்தப் பள்ளியில் இன்னொரு வாத்தியார் இருந்தார், பயந்த மனுஷர்.

"பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க டீச்சர். ஒண்ணு கொறஞ்சாலும் மெமோ உங்களுக்குத்தான் வரும்" என்றார்.

"பூட்டி வெச்சா பீரோவா சார் கணக்குப் படிக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தங்கச்சி பெட்டியைத் தூக்கிப் பிள்ளைகள் நடுவில் வைத்தார்.

நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பேன். செங்கல் சூளைக்காட்டுப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், இந்தக் குச்சிய ஒடைச்சாப் பத்தாகுமுங்களா?" என்பாள்.

"ஒடைக்காத சாமி. அதைக் குடுத்துட்டுப் பத்துக் கட்டை மாத்திக்கோ."

அப்படித்தான் கழித்தல் கணக்கு நடந்தது. கையில் பிடித்துப் படித்ததால் அழுகையில்லை, அடியில்லை.

பிள்ளைகள் கைபட்டுக் குச்சிகள் பிசுபிசுத்துப் போக, ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி அவற்றைக் கழுவிக் காயவைத்து, சாக்கில் போட்டுச் சமையல் கூடத்துச் சுவரோரம் வைத்துவிட்டு மறந்துபோனார். எங்களுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து அடுப்பு மூட்டத் துண்டுக் கட்டைகள் வரும். அதுவும் சாக்கில்தான் வரும், அதிலும் பெயிண்ட் பட்டிருக்கும். திங்கட்கிழமை விறகெல்லாம் மழையில் நனைந்து கிடந்தது. நான் அந்தச் சாக்கை அவிழ்த்து அடுப்பில் வைத்தேன். என்ன அருமையாக எரிந்தது!

மத்தியானம் மூன்றாம் வகுப்பில் குச்சியைக் காணோம் என்று தேடினார்கள். "சூளைக்காட்டுப் பிள்ளைங்க பையைத் தட்டிப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்" என்றார் வாத்தியார்.

"ஒரு பையிலயும் கை வெக்கக் கூடாதுங்க சார்" என்றார் தங்கச்சி.

அந்தப் பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. நான் ஓடிப்போய்ச் சாம்பலைக் கிளறினேன். கோடு போட்ட முனை ஒன்று கிடந்தது. வேலை போய்விடுமே என்று பயம். சாயங்காலம் வீட்டில்தான் சொன்னேன்.

"அம்முணி, அந்தக் குச்சிய நாந்தான் அடுப்புல வெச்சுப்போட்டேன்."

"அத்தனையுமாக்கா? எத்தன இருந்துச்சு?"

"எண்ணத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் சாமி அடுப்புல வெக்கறேன்?"

தங்கச்சி சிரித்த சிரிப்பு! தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன்.

மறுநாள் காலை வணக்கத்தில், "குச்சிய யாரும் எடுக்கல. நான் வெச்ச எடம் தப்பு" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னார். பட்டறை ஆசாரியிடம் கட்டை அறுத்து வாங்கி வந்து, கோடு போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் போட்ட முதல் குச்சியைத் திருப்பிக் கொடுத்து, "ஒம்போதுலயே நிறுத்திப்போட்டியேக்கா" என்றார். அப்படித்தான் எனக்குப் பத்து வந்தது. அதற்கப்புறம் சத்துணவு முட்டையைப் பத்துப் பத்தாக ஒதுக்கியது நான்தான், யாரையும் கேட்கவில்லை!

அந்த வாரமே பெட்டியைப் பார்க்க அதிகாரி வந்தார்.

"இது நாங்க குடுத்த குச்சி இல்லையே டீச்சர்?"

"அது எரிஞ்சுபோச்சுங்க சார்."

"சமையல்காரம்மா எரிச்சாங்களா?"

நான் கரண்டியோடு வாசலில் நிற்கிறேன். தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "சாக்கை அங்க வெச்சது நானுங்க. அதையே எழுதிக்கங்க" என்றார்.

மெமோ வந்தது. "என்ன அம்முணி எழுதியிருக்குது?" என்று கேட்டேன். "கவனமா இருக்கோணுமாம்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் கையில் இருந்த பெட்டியை மட்டும் திரும்பப் பூட்டவில்லை.

ஓய்வு பெற்றபின் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தார். வயிற்றில் கட்டி என்றார்கள், ஆறு மாதம் பாடுபட்டார். அந்த நாளிலும் என் ரசம் உப்பு என்று குறை சொல்லிக்கொண்டேதான் குடித்தார். உடலை எடுத்த அன்று அந்த வாத்தியார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த வருசம் நல்லாசிரியர் விருதுக்கு டீச்சர் பேரு போயிருந்ததுங்க. மெமோ வந்ததால எடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். எத்தனையோ சண்டை போட்டோம். நானாக இருந்தால் ஒரு சண்டையிலாவது சொல்லிக் காட்டியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அதைத்தான் இந்த ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டாருக்கும், சொன்னதும் கட்டை அறுத்துக் கொடுத்த ஆசாரிக்கும், லீவு போட்டு வந்து தோள் கொடுத்த சூளைக்காட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கும்பிடுகிறது.

ஆபீஸ் காகிதத்தில் என் பேர் ஏறாமல் தங்கச்சி பார்த்துக்கொண்டார். அதனால், "குச்சிய எரிச்சது அம்மாயின்னு இதுல போடு சாமி" என்றேன் பேத்தியிடம்.

"அது எதுக்குங்க அம்மாயி? நாலு பேரு படிப்பாங்க."

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் போடச் சொன்னேன்.

— அக்கா