விரலுக்கேற்ற விசை

என் கணவருக்கு முதலில் சோர்ந்தது வலது கையின் ஆள்காட்டி விரல்தான். சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று. கதவுச் சாவியைத் திருப்ப இடது கையும் வேண்டியிருந்தது. நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், தடுக்க மருந்து இல்லை என்றார். கிளென் ஈடனிலிருந்த எங்கள் வீட்டுக்கு நான் அழுதுகொண்டே கார் ஓட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சனிக்கிழமை கேம் இருக்கும்மா" என்றார்.

கேம் என்றால் பெயின்ட்பால். வெஸ்ட்கேட் என்ற புறநகரைத் தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மைதானம். அங்கே போய்ச் சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டுவிட்டு, உடம்பெல்லாம் வண்ணத்தோடு வருவார். மதுரையில் வளர்ந்த எனக்கு அந்த விளையாட்டின் சுவை பிடிபட்டதே இல்லை. நான் துப்பாக்கி என்றால் உடனே திருத்துவார். "மார்க்கர்னு சொல்லு லா." ஈப்போவில் பிறந்தவர்; அந்த ஊர்க்காரர்களைப் போல 'லா' இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

அந்தச் சனிக்கிழமை சீக்கிரமே திரும்பி வந்தார். எதிரணிக்காரன் ஒருவன் முதுகைக் காட்டி நின்றானாம், இவரால் விசையை இழுக்க முடியவில்லையாம். "பாவம் பார்த்து விட்டுட்டேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்" என்றார்.

பிறகு அவரே தேடிப் பிடித்து மின்விசை ஒன்றை வரவழைத்தார். மார்க்கரின் கைப்பிடியும் விசையும் சேர்ந்த கீழ்ப்பகுதியை அப்படியே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பேட்டரியில் இயங்கும் இதைப் பொருத்த வேண்டும். "மவுஸ் கிளிக் பண்ற மாதிரிதான். தொட்டா போதும்."

பார்சல் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு உட்கார்ந்தார். திருகு கழற்றும் ஆலன் கீ விரலிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது குனியவில்லை.

"நீதான் பண்ணணும்."

மிக்ஸி பிளேடு இறுகிக்கொண்டால்கூட அவரைக் கூப்பிடுகிறவள் நான்.

"முதல்ல காத்து டேங்க்கைக் கழற்று. உள்ளே மிச்சக் காத்து நிக்கும். தோட்டத்துல மண்ணைப் பார்த்துச் சுட்டுடு."

அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். விசை எளிதில் அசையவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். என் நல்ல விரலுக்கே வலித்தது. இதையா அவர் இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். "ஆச்சா?" என்று உள்ளிருந்து கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.

பழைய பாகத்தைக் கழற்றினேன். திருகுகளை ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டேன். புதியதைப் பொருத்தி, கைப்பிடிக்குள் பேட்டரியைச் செருகி விசையைத் தொட்டால் சத்தமே இல்லை.

"உள்ளே ஒரு சின்னக் கொக்கி இருக்கு பாரு. அது ஸ்பிரிங் மேல சரியா உட்காரலை. பதறாதே, மெதுவா."

மறுபடி கழற்றி, கொக்கியை நகர்த்தி வைத்து மூடினேன். இந்த முறை 'டக்' என்றது. அவர் வாங்கி, விரல் நுனியால் தொட்டார். டக். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொட்டார். டக், டக். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அந்தக் கோடை முழுக்க விளையாடினார். நானும் கூடப் போய் வலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஓட முடியாததால், மறைவுக்கு வைத்திருக்கும் பீப்பாய்க்குப் பின்னால் மண்டியிட்டபடி சுடுவார். யார் மேலாவது பட்டுவிட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். விசையை இறுக்கவும் இளக்கவும் அதன் பின்புறம் ஒரு சின்னத் திருகு இருந்தது. அவ்வப்போது, "இன்னும் கொஞ்சம் லேசா வைம்மா" என்பார். ஒவ்வொரு முறையும் அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பேன்.

கோடை முடிகிற சமயம், ஆட்டத்துக்கு முன் மார்க்கர்களைச் சோதிக்கிற மார்ஷல் இவருடையதை உள்ளங்கையால் தட்டினார். யாரும் விசையைத் தொடாமலே அது சுட்டது. நல்ல மனிதர். இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: நீ தடுக்கி விழுந்தாலே இது சுட்டுவிடும் நண்பா, கொஞ்சம் இறுக்கிக் கொண்டு வந்தால் விடுகிறேன்.

கைப்பையிலிருந்து ஆலன் கீயை எடுத்தேன். இறுக்கினேன். மார்ஷல் தட்டினார், சுட்டது. இன்னும் இறுக்கினேன். இப்போது சுடவில்லை. அவர் தலையசைத்தார்.

கணவர் வாங்கி விரலை வைத்து அழுத்தினார். ஒன்றுமில்லை. இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்தினார். நகம் வெளுத்தது, தோள் நடுங்கியது. மார்ஷல் மரங்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார் கணவர்.

காரில் நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சரியாத்தான் மாட்டினே" என்றார். "அதுல ஒரு குறையும் இல்லே."

குளிர்காலத்தில் பேச்சும் போனது. அதன் பிறகு கண்களாலேயே கேட்பார், நான் ஊகித்துப் பதில் சொல்வேன். பாதி நேரம் என் ஊகம் தப்பாக இருக்கும். கடைசி நாள் மருத்துவமனையில் அவர் கை என் கைக்குள் இருந்தது. அவரால் பிடிக்க முடியாது, நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு நின்றதை நான் கவனிக்கவில்லை. நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டபோதும், என் கணவர் ஏதோ கேட்கிறார் என்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.